மகாலட்சுமிக்கு எட்டு போல்ட்டு

"மகாலச்சுமியக் கொண்டுபோய் சைலன்சர் பைப்புக்குப் பக்கத்துலயாலே கட்டித் தொங்கவிடுவே? நீ வெளங்குவியா?"

"அது மகாலச்சுமி இல்லம்மா, பட்டாசு லேபிளு."

"லேபிளாம்ல! தாமரையில உக்காந்திருக்கு, கையில இருந்து காசு கொட்டுது, ரெண்டு பக்கமும் யானை நிக்குது. அது உனக்கு லேபிளா?"

"யம்மா, பெறகு எம்புட்டு வேணாலும் வைங்க. அந்த லேபிள்ல சுத்தி வச்சிருந்த போல்ட்டெல்லாம் எங்கன? அத மட்டும் சொல்லுங்க."

"எங்கயும் போயிரல. எல்லாத்தையும் அழுக்குப் போகத் தொடச்சு குண்டாவுல போட்டு வச்சிருக்கேன் பாரு. தொடைக்கத்தான் ஒனக்கு ஒடம்பு வணங்காது."

முனியராஜ் குண்டாவை எட்டிப் பார்த்தான். போல்ட்டு, நட்டு, வாஷர், கிளிப்பு எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, கல்யாண வீட்டில் வறுத்துக் கொட்டின முந்திரிப்பருப்பு மாதிரி பளபளவென்று கிடந்தன. பார்த்தவன் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு முன்னால் லாரி வாயைத் திறந்துகொண்டு நின்றது. எஞ்சின் செயின் பிளாக்கில் அந்தரத்தில் தொங்கியது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. சாயங்காலம் ஐந்து மணிக்குள் அந்த எஞ்சின் லாரிக்குள் போய் உறுமியாக வேண்டும். இல்லையென்றால் முனியராஜுக்கு ஷெட் கிடையாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற ரோட்டில் முனியராஜ் ஷெட்டுக்கு நேர் எதிர் வீடு எங்கள் வீடு. வாசலில் உட்கார்ந்து மத்தாப்புப் பெட்டி ஒட்டுவது என் பிழைப்பு. கை பசையில் கிடந்தால் கண்ணுக்கு வேலை கிடையாது. அது எங்கேயாவது போகத்தானே செய்யும்?

ஷெட் இருக்கிற இடம் அய்யாதுரை அண்ணாச்சியுடையது. லாரியும் அவருடையதுதான். சத்தம் போட்டது அவர் சம்சாரம் பத்திரகாளி அம்மா. சாமி படம் போட்ட காலண்டரைக்கூடப் பழைய பேப்பர்காரனிடம் போடாத புண்ணியவதி. பத்து வருசத்துக் காலண்டர் அவர்கள் வீட்டு மாடியில் கட்டுக் கட்டாக இருக்கிறது. எலி கடித்தால்கூட, எலி பிள்ளையார் வாகனம் என்று விட்டுவிடுவார்கள்.

போன வருசமும் இதே லாரி இதே ஷெட்டில்தான் படுத்தது. அப்போது முனியராஜ் எஞ்சினை இறக்கி ஏற்றப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டான். கழற்றியதையெல்லாம் ஒரே பேசினில் போட்டுவிட்டு, மாட்டும்போது ஒவ்வொன்றாக எடுத்து, பெண் பார்க்கிற மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். ஒரு போல்ட்டுக்கு ஓட்டை தேடி லாரியைச் சுற்றி மூன்று தரம் நடப்பான். கடைசியில் எல்லாம் மாட்டி முடித்து லாரி கிளம்பின பிறகு பார்த்தால் பேசினில் ஏழு போல்ட்டு மிச்சம். அன்றைக்கு விழுந்த பெயர்தான் 'மிச்ச மெக்கானிக்'. லாரி கல்கத்தா வரைக்கும் போய்வந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த ஏழு போல்ட்டு எந்த இடத்துப் போல்ட்டு என்கிற கவலையில் டிரைவர் கண்ணுச்சாமி இரண்டு கிலோ இளைத்துவிட்டார்.

இந்த வருசம் எஞ்சின் புகையாகக் கக்க ஆரம்பித்தது. பட்டாசு லோடு ஏற்றுகிற இடத்தில் புகை கக்குகிற வண்டியைக் கம்பெனிக்காரன் கேட்டுக்குள்ளேயே விடமாட்டான். சீசனோ தலைக்கு மேல் நிற்கிறது. அண்ணாச்சி ஷெட்டுக்கு வந்து, தெருவே கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஏலே முனியா, சனிக்கிழமை எறக்கு. லேத்துல சிலிண்டருக்குப் போர் போட்டு அடுத்த வெள்ளிக்கிழமை காலையில எஞ்சினக் குடுத்துருவாக. அன்னைக்குச் சாயந்தரம் அஞ்சு மணிக்கு வண்டி ரோட்டுல நிக்கணும். ஒரு நாள் தள்ளுனாலும் சரி, ஒரு போல்ட்டு மிஞ்சுனாலும் சரி, ஷெட்டக் காலி பண்ணிரு. நான் இங்கன பட்டாசுக் கடை போட்டுக்கிடுறேன்."

"ஒரு போல்ட்டுக்கெல்லாமா அண்ணாச்சி?"

"ஏழு போல்ட்டுக்கு நான் ஒரு வருசம் பொறுத்துட்டேன்லே."

முனியராஜ் என்னவோ தலையை ஆட்டினான். ஆனால் அன்றைக்கு முழுக்க ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் திருகாமல் நின்றான். அதைப் பார்த்தது நான் மட்டும் இல்லை. ஷெட்டுக்கு முன்னால் இருக்கிற குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த வேல்விழியும் பார்த்தாள். அவள் பக்கத்துத் தெரு ஊர்க்காவலன் மகள். ஆப்செட் பிரஸ்ஸில் லேபிள் பிரிக்கிற வேலை. வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன மெக்கானிக்கே, இந்த வருசம் எத்தனை மிச்சம் வைக்கப் போறீக? முன்கூட்டியே சொன்னா எங்க வீட்டுத் தராசுக்குப் படிக்கல்லா எடுத்துக்கிடுவோம்."

"நீ தண்ணியப் பிடிச்சியா, போனியான்னு இரு."

"குழாய்ல தண்ணி வரலையே. வார வரைக்கும் பேசிக்கிட்டு இருக்கேன்." குடத்தைக் கீழே வைத்தாள். "எங்க பிரஸ்ஸுல ஒரு நாளைக்கு அறுபது தினுசு லேபிளு வருது. ஒண்ணோட ஒண்ணு கலந்தா ஆர்டரே போச்சு. நாங்க கலக்க விடுறமா? புலி மேல புலி, மயில் மேல மயில். கழட்டுறப்ப ரெண்டு பக்கமும் ஒரே படத்தக் கட்டுங்க. அந்த எடத்துப் போல்ட்ட அதே படத்துல பொட்டலம் மடிச்சு வைங்க. மாட்டுறப்பப் படத்தப் பாத்து மாட்டுங்க. இதுக்கு என்ன பெரிய படிப்பு?"

மறுநாள் அவள் கொண்டுவந்து கொடுத்தது ஒரு கட்டுக் கழிவு லேபிள். மை கலங்கினது, ஓரம் வெட்டுப்பட்டது, அச்சு இரட்டித்து சாமிக்கு இரண்டு மூக்கு விழுந்தது. கொடுத்துவிட்டு உடனே போகாமல் கால்மணி நேரம் நின்றாள். நான் அதை அன்றைக்கே மனசுக்குள் குறித்துக்கொண்டேன். தெருவுக்கும் லேசாகச் சொல்லி வைத்தேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தச் சனிக்கிழமை முனியராஜ் வேலை பார்த்ததே வேறு மாதிரி இருந்தது. முதலில் பேட்டரி வயரைக் கழற்றினான். தண்ணீரையும் ஆயிலையும் டின்னில் வடித்தான். முன்பக்க பம்பர், ரேடியேட்டர் இரண்டையும் இறக்கி ஓரமாகச் சாய்த்தான். டீசல் பைப்பின் வாயில் தூசி போகாமல் துணியை உருட்டி அடைத்தான். ஒன்றைக் கழற்றுவான், இரண்டு பக்கமும் லேபிளைக் கட்டுவான், போல்ட்டைப் பொட்டலமாக மடிப்பான், பலகையில் வரிசையாக வைப்பான், அப்புறம்தான் அடுத்ததில் கை. கியர் பாக்ஸை இருந்த இடத்திலேயே கட்டையைக் கொடுத்து நிறுத்திவிட்டு, கண்ணுச்சாமி செயினை இழுக்க, எஞ்சினை முன்பக்கமாக வெளியே எடுத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எஞ்சின் லேத்துக்குக் கிளம்பிவிட்டது. போன வருசம் இதே வேலைக்கு மூன்று நாள். கண்ணுச்சாமி எஞ்சினைப் பார்க்கவில்லை, முனியராஜைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும்.

அன்றைக்கு முனியராஜ் லேத்துக்குப் போயிருந்தான். பத்திரகாளி அம்மா லாரிக்குத் திருஷ்டி கழிக்க எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள். பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு லாரிக்குள் எட்டிப் பார்த்தவர்கள் 'ஆத்தி' என்றார்கள். உள்ளே கிரீஸுக்கும் கரிக்கும் நடுவில் முப்பத்து முக்கோடித் தேவர்களும் தொங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போய்க் குண்டாவும் மஞ்சள் துணியும் எடுத்துவந்து, ஒவ்வொரு சாமியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு அவிழ்த்தார்கள். பிறகு பலகையில் இருந்த பொட்டலங்களையும் பிரித்தார்கள். புலி அய்யப்பன் வாகனமாம், அதுவும் போயிற்று. மயில், சேவல், யானை, காளை, தாமரைப் பூ எதுவும் தப்பவில்லை. ஆக்சிலேட்டர் கம்பியில் கட்டியிருந்த ஏரோப்ளேன் படத்தை மட்டும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். எந்தச் சாமியும் ஏரோப்ளேனில் போனதாகத் தெரியவில்லை போல, அதை விட்டுவிட்டார்கள்.

நான் பார்த்தேன்தான். 'என்னம்மா செய்றீக' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் நடுவில் கேட்டால் பாதியில் நிறுத்திவிட மாட்டார்களா?

அதனால்தான் வெள்ளிக்கிழமை காலை அந்தச் சண்டை. முனியராஜ் டயரில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

"நீளமான போல்ட்ட குட்டை ஓட்டையில போட்டா உள்ள போயி இடிச்சு ஹவுசிங் கூடு விரிசல் விட்டுரும். எது எங்கன உள்ளதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஷெட்டக் காலி பண்ணுறேன்னு அண்ணாச்சிட்ட நீங்களே சொல்லிருங்கம்மா."

"நான் ஏன் சொல்றேன்? நீ செஞ்ச பாவத்துக்கு நான் பேச்சு வாங்கவா? மகாலச்சுமியவாச்சும் பரவால்லன்னு விட்டேன். அந்தப் பிள்ளையாரு! எஞ்சின் உக்காருற எடத்துல, அம்புட்டுக் கனமும் அவரு தலையில எறங்குற மாதிரிக் கட்டி வச்சிருக்க. நாலு தடிப் போல்ட்டு வேற, குத்தி நிக்குற மாதிரி."

அந்த நேரம் பார்த்து வேல்விழி குடத்தோடு வந்தாள். கரண்ட் கட், பிரஸ் ஓடவில்லை. விஷயத்தைக் கேட்டாள். முகம் ஒரு நிமிடம் செத்துத்தான் போயிற்று. என்னைப் பார்த்து, "ஏன் சோலையம்மா அக்கா, நேத்து நீங்க வாசல்லதான இருந்தீக?" என்றாள். நான் பசையைக் கிண்டினேன். பிறகு அவள் மெதுவாகத் திரும்பி பத்திரகாளி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு அப்போது பிடிபடவில்லை.

"பெரியம்மா, பிள்ளையாருக்கு நாலா வச்சிருந்தாரு இந்த மனுசன்?"

"நாலு. தடியா, தலை பெருத்தது."

"அடப் பாவி மெக்கானிக்கே! அப்ப முருகன எங்கன கட்டுனாரு?"

"அந்தச் சுத்துற பேன் இருக்கு பாரு, அதுலடி! புள்ளைக்குத் தலை சுத்தாது? ஆறு போல்ட்டு வச்சிருந்தான். சரி, ஆறுமுகத்துக்கு ஆறுன்னு அந்த ஒரு மரியாதையாச்சும் தெரிஞ்சிருக்கேன்னு நெனச்சேன்."

"மகாலச்சுமிக்கு?"

"எட்டு. எல்லாம் வெரல் நீளம். அஷ்டலச்சுமில்ல."

முனியராஜ் டயரை விட்டு எழுந்திருந்தான். வேல்விழி அவன் பக்கம் திரும்பவே இல்லை. பத்திரகாளி அம்மாவுக்குக் கீழே ஒரு சாக்கை விரித்தாள். "உக்காருங்க பெரியம்மா. நின்னுக்கிட்டே வஞ்சா காலு கடுக்கும். இவரு செஞ்சத ஒண்ணு விடாமச் சொல்லுங்க, இன்னைக்குக் கேட்டுப்புடுவோம்."

அவர்கள் உட்கார்ந்தார்கள். குண்டா நடுவில். ஏச்சு நடந்தது, வேலையும் நடந்தது. முதலில் எஞ்சினை மெல்ல மெல்லச் செயினில் உள்ளே விட்டார்கள். கியர் பாக்ஸ் ஷாப்ட் கிளச் தட்டின் நடு ஓட்டைக்குள் நேராகப் போக வேண்டும். அரை அங்குலம் போகாமல் நின்றது.

"போல்ட்டப் போட்டு இறுக்கி இழுத்துருவமா?" என்றார் கண்ணுச்சாமி.

"போன வருசம் அப்படித்தான் இழுத்து ஒரு தட்டு போச்சு. பொறுங்கண்ணே," என்று முனியராஜ் எஞ்சின் முன்னால் இருந்த கப்பியைக் கையால் லேசாகத் திருப்பினான். இன்னும் கொஞ்சம். 'டொப்'பென்று எஞ்சின் தானாகப் போய் உட்கார்ந்தது. வெண்ணெயில் கத்திகூட அவ்வளவு லேசாக இறங்கியிருக்காது.

"எட்டு நீளம்!" என்று உள்ளேயிருந்து கத்தினான். வேல்விழி குண்டாவில் பொறுக்கிக் கொடுத்தாள். "தடி நாலு!" கொடுத்தாள்.

"சிவனுக்கு எத்தனை பெரியம்மா?"

"மூணு. நெத்திக்கண்ணோட சேத்து. செல்ப் மோட்டாருல கட்டியிருந்தான். அங்கன பொறி பறக்கும்னு கண்ணுச்சாமி சொன்னான். நெருப்பு சிவனுக்கு ஒத்துக்கிடும், அது ஒண்ணத்தான் மன்னிச்சேன். கண்ணனுக்குத்தான் அஞ்சு வச்சிருந்தான் தண்ணி பம்புல. கண்ணனுக்கும் அஞ்சுக்கும் என்ன சம்பந்தம்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன்."

"பாண்டவக அஞ்சு பேருல்லம்மா," என்றார் கண்ணுச்சாமி, செயினை அவிழ்த்துக்கொண்டே.

"அட, ஆமால்ல!" பத்திரகாளி அம்மாவின் கோபம் அந்த இடத்தில் பாதி இறங்கிவிட்டது. வேல்விழிக்குப் பயம். கோபம் ஆறினால் ஞாபகமும் ஆறிவிடுமே. "இருந்தாலும் சரஸ்வதிய வயருல கட்டுனது அநியாயம் பெரியம்மா," என்று ஊதிவிட்டாள். உடனே பற்றிக்கொண்டது. சிவப்பு வயரில் கட்டினது, கறுப்பு வயரில் கட்டினது, மயிலை டீசல் பைப்பில் கட்டினது, சேவலைத் தண்ணீர் ஹோஸில் கழுத்தை நெரித்துக் கட்டினது எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. மத்தியானம் நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கு நான் ஒட்டிய பெட்டி இருபதுகூட இருக்காது.

நாலரை மணிக்கு அய்யாதுரை அண்ணாச்சி டிவிஎஸ் பிப்டியில் வந்து இறங்கினார். நேராகக் குண்டாவிடம் போனார். குனிந்து பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். காலி. அவர் முகத்தைப் பட்டாசுக் கடை போர்டுக்குப் பெயின்ட் வாங்கி வைத்துவிட்டு ஏமாந்தவர் முகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் லாரிக்கு அடியிலிருந்து முனியராஜ் குரல் வந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு கொறையுது."

"என்னது?"

"கிளச் பெடல் கம்பிய மாட்டுற பின்னு. அது இல்லாம கிளச் பிடிக்காது. வண்டிய நகட்ட முடியாது."

கண்ணுச்சாமி தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "இவன் கையில மிஞ்சித்தான் பாத்திருக்கேன். கொறையுதுன்னு கேக்கவும் குடுத்து வச்சிருக்கு!"

"சிரிக்காதீக கண்ணுச்சாமி. மிஞ்சுனாலும் கொறஞ்சாலும் கணக்கு ஒண்ணுதான். மணி நாலே முக்கால்," என்றார் அண்ணாச்சி.

முனியராஜ் மண்ணையெல்லாம் கையால் அரித்துத் தேடினான். போன வருசத்து ஏழு போல்ட்டு டப்பாவைக் கொட்டி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். ஒன்றும் சேரவில்லை. பத்திரகாளி அம்மா மட்டும் தேடவில்லை. காலையிலிருந்து வாய் ஓயாதவர்கள், முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டு எங்கேயோ பார்த்தார்கள்.

வேல்விழி சாக்கில் போய் ஒட்டி உட்கார்ந்தாள். "பெரியம்மா, ஒரு காளைப் படம் இருந்துச்சே. அது எங்கன இருந்துச்சு?"

"காளை இல்லடி, நந்தி."

"சரி, நந்தி."

"பெடலுக்குக் கீழ." முந்தானையை இன்னொரு தரம் இழுத்துவிட்டார்கள். "பொட்டலத்தப் பிரிச்சா உள்ள கருப்பா, வழவழன்னு, தலை உருண்டையா ஒண்ணு நின்னுச்சு. நந்திக்கு எதுக்க நின்னா அது என்ன? நீயே சொல்லு. அதக் குண்டாவுல போட எனக்கு மனசு வரல."

"அப்ப எங்கன வச்சிருக்கீக?"

"பூசை ரூமுல. வெத்தலை மேல."

அண்ணாச்சி சம்சாரத்தின் பக்கம் திரும்பினார். "அடியே, காலையில அதுக்குத்தானே நான் சூடம் காட்டுனேன்! ஷெட்டு சீக்கிரம் காலியாகணும்னு வேண்டிக்கிட்டு!"

சொன்ன பிறகுதான் தெருவே கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. வேறு யாரையும் அனுப்பாமல் அவரே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வரும்போது சட்டைப் பையில் வெற்றிலையோடு பின். அதில் மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம். முனியராஜ் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான்.

"லிங்கத்தக் காலால மிதிக்கவா போறீக?" என்று எழுந்துவிட்டார்கள் பத்திரகாளி அம்மா.

"பெடலத்தான்மா மிதிப்பாக. பின்னு அடியில தனியா இருக்கும்."

"எப்படி இருந்தாலும் அந்தக் கம்பி வழியாப் போயிச் சேரும்ல. ஏ கண்ணுச்சாமி, வெள்ளிக்கிழமை செருப்போட கிளச்ச மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு." அவர் பண்ணினார். மணி ஐந்தாக ஐந்து நிமிடம். பண்ணாமல் என்ன செய்வார்?

பின் உள்ளே போயிற்று. முனியராஜ் டீசல் பம்பைக் கையால் அடித்து அடித்துக் காற்றை வெளியே எடுத்தான். கண்ணுச்சாமி சாவியைத் திருப்பினார். ஒரு தரம் முக்கியது. இரண்டாவது தரம் இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. வெள்ளையாகக் கொஞ்சம் புகை வந்தது, அதுவும் நின்றது. லாரி ஷெட்டை விட்டு வெளியே வந்து எங்கள் வாசலுக்கு நேராக ரோட்டில் நின்றபோது அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "பிள்ளையாரு தலையில அம்புட்டுக் கனத்த வச்சும் வண்டி நிக்குதே," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஷெட் முனியராஜுக்கே இருந்துவிட்டது. தை மாதம் வேல்விழிக்கும் அவனுக்கும் கல்யாணம். நான் ஆவணியிலேயே சொன்னேன், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. பத்திரிகை அவள் பிரஸ்ஸிலேயே அடித்தது. சாமி படம் போட்டால் பத்திரகாளி அம்மா வீடு வீடாகப் போய்த் திருப்பி வாங்கிவிடுவார்கள் என்று, தலைப்பில் ஏரோப்ளேன் படம் போட்டாள். பத்திரிகையில் ஏறின ஏரோப்ளேன் காரியாபட்டியில் இருக்கிற முனியராஜ் அம்மா வீட்டு விருந்தோடு இறங்கிவிட்டது என்பது வேறு விஷயம்.

இரண்டு வருசத்தில் அண்ணாச்சி மகன் ஹரிபிரசாத்துக்குக் கோயம்புத்தூரில் தொழில் அமைந்து, அவர்கள் குடும்பம் அங்கேயே போய்விட்டது. இடத்தை முனியராஜுக்கே விலை பேசி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பத்திரகாளி அம்மா அந்த லேபிள்களையும் மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோனார்கள், மூக்கு இரண்டு விழுந்தது உட்பட. லாரியை நாமக்கல்காரர் ஒருவர் வாங்கினார். கண்ணுச்சாமியும் வண்டியோடு நாமக்கல் போய்விட்டார். வெள்ளிக்கிழமையானால் அந்த மனுசன் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் கிளச்சை மிதிக்கிறாராம்.